இரட்டைச் சுருக்கம்

பிப்ரவரி 2, வெள்ளி

முழங்காலுக்கு நடை நல்லது என்று டாக்டர் சொல்லி மூன்று வாரமாகிறது. இதுவரை நடந்தது: படுக்கையறையிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து படுக்கையறை. இவர் இன்று பேப்பரைப் படித்துவிட்டு, "நீ வேலை பார்த்த வார்ப்புத் தொழிற்சாலை இருந்த இடத்துல, பொறியியல் வரலாறுக்குன்னு சின்னதா ஒரு மியூசியம் தொறந்திருக்காங்களாம். போயிட்டு வாயேன். உன்னையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சுக்கிட்டாங்கன்னா எனக்கு நிம்மதி" என்றார். முப்பத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவர். பழசைப் பற்றிப் பேசும் உரிமை தனக்கு மட்டுமே என்று நினைப்பு.

போகத்தான் போகிறேன். அந்தத் தொழிற்சாலையின் வரைபட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் பெண் நான். ஒரு போட்டோவாவது மாட்டியிருக்க மாட்டார்களா? யாராவது அடையாளம் கண்டுவிட்டால் சொல்வதற்கென்று, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, எல்லாரும் சேர்ந்து செஞ்சதுதான்" என்று கண்ணாடி முன் நின்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது முறை இவர் பார்த்துவிட்டார்.

பிப்ரவரி 3, சனி

புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போனேன். புகழ் பெறப் போகிறவள் பழைய செருப்பிலா போவாள்?

மியூசியம் என்பது இரண்டு அறையும் ஒரு தகரக் கொட்டகையும். நாங்கள் தினமும் காலையில் அட்டை குத்திவிட்டு உள்ளே போன நேர அலுவலகம்தான் முதல் அறை. காப்பாளர் ஒரு சின்னப் பெண், கழுத்தில் சாவிக்கொத்து, கையில் ஒரு ரெஜிஸ்டர். வந்தவர் பெயர், வந்த நேரம், போன நேரம் எல்லாம் எழுத வேண்டும். வரைபலகை, டி ஸ்கொயர், மைப்பேனாக்கள், அட்டை குத்தும் கடிகாரம். எல்லாம் என்னோடு பழகியவை. இப்போது தொடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

போட்டோவும் இருந்தது. வரைபட அலுவலக ஊழியர்கள், முப்பத்திரண்டு ஆண்கள். ஓரத்தில் சட்டத்துக்குள் பாதி மறைந்து ஒரு முழங்கை. அது நான். முழங்கைக்குப் பெயர் போடவில்லை.

சரி, பட்டது போதும் என்று திரும்பியிருக்கலாம். கொட்டகையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

என் நெஞ்சுயரத்துக்கு ஒரு இரும்புப் பல்சக்கரம். சிவப்புப் பூச்சு. அதன் பக்கத்தில் நின்று பாலிடெக்னிக் மாணவர்கள் பத்துப் பதினைந்து பேருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார் டபுள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் தொழிற்சாலை முழுக்க அவர் டபுள்தான். பேட்டர்ன் பிரிவில் மரவேலை. இரும்பில் எதை வார்த்தாலும் முதலில் அதே உருவத்தை மரத்தில் செய்து கொடுக்கிறவர்.

"உருக்கின இரும்பு ஆறினா சுருங்கும். நூத்துக்கு ஒரு பங்கு. அதனால மரத்துல செய்யும்போதே அந்த ஒரு பங்கைக் கூட்டி, பெருசாச் செய்யணும். துவைச்சா சுருங்கும்னு டெய்லர் துணியைக் கொஞ்சம் பெருசா வெட்டறார் பாருங்க, அதே கணக்கு. எங்களுக்குன்னு தனி ஸ்கேலே உண்டு. கோடெல்லாம் நூத்துக்கு ஒண்ணு தள்ளித் தள்ளி இருக்கும். மனசுல கணக்கே போட வேணாம். டிராயிங்ல என்ன அளவோ அதை அந்த ஸ்கேல்ல வெச்சு வெட்டினாப் போதும். நான் என்ன செஞ்சேன்? இந்தச் சக்கரம் மதகுக் கதவைத் தூக்கறதுக்கு. டிராயிங்ல ஆயிரத்து இருநூறு மில்லிமீட்டர். புத்திசாலி மாதிரி மனசுல ஒரு பங்கு கூட்டி ஆயிரத்து இருநூத்திப் பன்னெண்டுன்னு வெச்சுக்கிட்டு, அதையும் அந்த ஸ்கேல்லயே அளந்துட்டேன். சுருக்கம் டபுள். பல்லெல்லாம் வார்ப்புலயே வந்தது, சீவிச் சரி பண்ணவும் முடியாது. கொண்டுபோய் மாட்டினா, சின்னச் சக்கரத்தோட பல்லுல போய் முட்டிக்கிட்டு நிக்குது. அன்னிலேருந்து நான் டபுள்!"

மாணவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டார்.

"அட, டிராயிங் ஆபீஸ் மேடம்! தம்பிகளா, இவங்க போட்ட டிராயிங்தான் அந்தச் சட்டத்துல இருக்கறது. பக்கத்துல போய்ப் பாருங்க. எங்கயாவது பிளேடால சுரண்டித் திருத்தின தடம் இருக்கா? இருக்காது. இவங்க கை அப்படி. டிராயிங் சரி, நான்தான் தப்பு."

எனக்குக் கைதட்டினார்கள். நான் கும்பிட்டேன்.

கும்பிட்டேன்!

பிப்ரவரி 4, ஞாயிறு

புதுச் செருப்பு கடித்துவிட்டது. வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

வேறொன்றும் இல்லையாம். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதைத்தான். நாற்பது வருடமாக வருடத்துக்கு ஒரு டைரி எழுதுகிறவள், ஒன்றில்கூட இதை எழுதவில்லை. பால்காரர் வராத நாளெல்லாம் எழுதியிருக்கிறேன்.

எழுதிவிடுகிறேன். டிராயிங் சரியில்லை. ஆயிரத்து இருநூறு என்று போட வேண்டிய இடத்தில் நான்தான் ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு என்று போட்டேன்.

ஏன்? புத்திசாலித்தனம். இருபத்து மூன்று வயது, வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். இரும்பு சுருங்கும் என்று ஒரு புத்தகத்தில் அப்போதுதான் படித்திருந்தேன். பேட்டர்ன் பிரிவில் தனி ஸ்கேல் வைத்திருக்கிறார்கள் என்ற பக்கத்துக்குப் போவதற்குள் தூக்கம் வந்திருக்கும். சுருக்கத்தை நானே சேர்த்துக் கொடுத்தால் எல்லாரும் அசந்து போவார்கள் என்று நினைத்தேன். அசந்துதான் போனார்கள்.

சக்கரம் பொருந்தவில்லை என்று தகவல் வந்த மத்தியானம், தலைமை வரைவாளர் அந்த டிராயிங்கை எடுத்து வைக்கச் சொன்னார். சாப்பாட்டு நேரம், அறையில் நான் மட்டும். தாளைப் பிரித்தேன். 1212. பிளேடை எடுத்துக் கடைசி இரண்டு எண்ணைச் சுரண்டினேன். நகத்தால் தேய்த்து மழமழப்பாக்கி, மையால் இரண்டு பூஜ்யம் போட்டேன். என் வாழ்நாளிலேயே நான் செய்த மிகச் சுத்தமான வேலை அதுதான். பேட்டர்ன் பிரிவுக்குப் போயிருந்த நகலையும், பழைய நகல்களைத் திரும்ப வாங்கும் சாக்கில் வாங்கி வந்து, நாலாக எட்டாகப் பதினாறாகக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் டபுளைக் கூப்பிட்டார்கள். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, "பன்னெண்டுன்னு பாத்த மாதிரி இருந்துச்சு சார்" என்றார். "பாத்த மாதிரியா?" என்றார் தலைமை வரைவாளர். மறுபடி குனிந்தார். விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். பன்னிரண்டு என்பது சரியாக ஒரு சுருக்கத்தின் அளவு அல்லவா? பாவம், அவரே கணக்குப் போட்டு, அவரே விளக்கமும் கண்டுபிடித்து, "அப்ப நான்தான் மனசுல ஒரு தடவை கூட்டிட்டு, ஸ்கேல்லயும் ஒரு தடவை கூட்டிட்டேன் போல" என்றார். நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

காரணம் ஒன்று வைத்திருந்தேன். நல்ல காரணம். சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள்: "நீங்க ஒரு தப்பு பண்ணினாப் போதும், இனிமே பொண்ணுங்களை எடுக்கவே மாட்டாங்க." எனக்குப் பிறகு மூன்று பெண்களை எடுத்தார்கள். ஆகவே அந்த மூன்று பெண்களுக்காக நான் செய்த தியாகம் இது. தியாகம் செய்தவள் நான். விலை கொடுத்தவர் வேறொருவர்.

பிப்ரவரி 10, சனி

மறுபடி போனேன். முழங்காலுக்காக என்று இவரிடம் சொன்னேன்.

சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். டபுள் எனக்கு நாற்காலி போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். இப்படிப்பட்டவரிடம் எப்படிச் சொல்வது? பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோக, "அந்தச் சமயத்துல உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும், இல்லையா?" என்று கேட்டேன். என் வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம்.

"கஷ்டம் என்ன மேடம், வேலையை விட்டா தூக்கினாங்க? ஆனா பயம் வந்துருச்சு. அந்த வாரமே கண் டாக்டர்கிட்ட போனேன். கண்ணுல ஒண்ணுமே இல்லைன்னாரு. ஒண்ணுமில்லாமயா டாக்டர் பூஜ்யம் பன்னெண்டாத் தெரியும்னு சண்டை போட்டு ஒரு கண்ணாடி வாங்கினேன். வெறும் கண்ணாடி! அதையே பதினெட்டு வருஷம் போட்டேன். அப்புறம் வயசாகி நிஜமாவே பவர் வந்துச்சு. அன்னிக்குத்தான் எனக்கு நிம்மதி" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

அதோடு முடிந்ததா? காப்பாளர் பெண் ஓடி வந்தாள். "ஆன்ட்டி, நீங்க வேலை தெரிஞ்சவங்க. வாரம் ஒரு நாள் வந்து இந்தப் பழைய டிராயிங்கெல்லாம் துடைச்சுப் பிரிச்சுக் குடுக்கறீங்களா?" சரி என்றேன். "அந்தச் சக்கரத்தோட டிராயிங்கை முதல்ல எடுத்துக்கலாம். புது சட்டம் வருது, பின்பக்கம் லைட் வெச்சது. கோடெல்லாம் பளிச்சுனு தெரியும்!"

தெரியும். நன்றாகவே தெரியும். பிளேடு பட்ட இடத்தில் தாள் மெலிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் கடவுளுக்கும் தெரியாது. பின்னாலிருந்து விளக்குப் போட்டால் குழந்தைக்கும் தெரியும்.

பிப்ரவரி 14, புதன்

நாள் முழுக்க ஒரே யோசனை, அந்தத் தாளை எப்படிக் கடத்துவது என்று. அறுபத்து மூன்று வயதில், மாடிப்படி ஏற இன்னொரு ஆள் வேண்டும் என்ற நிலையில், திருட்டுக்குத் திட்டம் போடுகிறேன். பெரிய குடையாக ஒன்று எடுத்துக்கொண்டு போய், சுருட்டி உள்ளே வைத்துவிடலாம். மழைக்காலம் இல்லையே என்றால் வெயில் என்று சொல்லிக்கொள்ளலாம். இவர் பரணிலிருந்து குடையை இறக்கித் தந்தார். எதற்கு என்று கேட்கவில்லை. நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் கேள்விகள் குறைந்துவிடுகின்றன.

பிப்ரவரி 17, சனி

திருட வேண்டிய அவசியமே வரவில்லை. "ஓரமெல்லாம் கிழிஞ்சிருக்கு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஒட்டிட்டு வரட்டுமா?" என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். "தாராளமா ஆன்ட்டி, ரெஜிஸ்டர்ல ஒரு கையெழுத்து மட்டும்" என்றாள். குடையை வீணாகத் தூக்கிக்கொண்டு போனதுதான் மிச்சம்.

சுருட்டி அட்டைக் குழாயில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் குழாய், தோளில் பை. டபுள் பார்த்துவிட்டார்.

"குடுங்க மேடம், பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் எடுத்துட்டு வர்றேன்."

"வேண்டாம், வேண்டாம், லேசாத்தான் இருக்கு."

"லேசா இருந்தா என்ன, குடுங்க. உங்க கால் வேற சரியில்லை."

வாங்கிக்கொண்டார். அவரைக் குற்றவாளியாக்கிய தாளை அவரே அக்குளில் இடுக்கிக்கொண்டு, வழியில் கிடந்த கல்லையெல்லாம் எனக்குக் காட்டிக் காட்டி, பஸ் ஸ்டாப் வரை கொண்டு வந்தார். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்து, ஜன்னல் வழியாகக் குழாயை நீட்டி, "பத்திரம் மேடம்" என்றார்.

வீட்டில் தாளை மேசைமேல் விரித்தேன். என்ன செய்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். காபி. "ஐயோ, கை தவறிக் கொட்டிடுச்சு" என்று சொன்னால் யார் என்ன சொல்ல முடியும்? வயதானவள் கை நடுங்காதா? டம்ளரைச் சரியாக அந்த எண்ணுக்கு மேலே பிடித்துச் சாய்க்கப் போனேன். கை நடுங்கவே இல்லை. வேண்டும்போது நடுங்காத கை!

"என்ன பண்றே?" என்றார் இவர், வாசற்படியில் நின்று.

"காபி ஆத்தறேன்."

"பேப்பர் மேலயா?"

அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காபி ஒரு சொட்டுக்கூட அந்தத் தாளில் விழவில்லை. அழுததில் கண்ணீர்தான் டம்ளருக்குள் விழுந்திருக்கும்.

பிப்ரவரி 18, ஞாயிறு

இவர் காலையிலிருந்து பேசவில்லை. மத்தியானம்தான் வாயைத் திறந்தார். "முப்பத்தெட்டு வருஷம் ஆதாரம், ஆதாரம்னு கிளாஸ்ல தொண்டை கிழியக் கத்தினேன். வீட்டுல ஆதாரத்தை அழிச்சவளோட குடும்பம் நடத்தியிருக்கேன்." கேலி பண்ணுகிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அந்த மனுஷனுக்கு என்ன வயசு?" என்றார்.

"அறுபத்தேழு, அறுபத்தெட்டு இருக்கும்."

"அப்ப சீக்கிரம் போ."

பிப்ரவரி 21, புதன்

சொல்லிவிட்டேன்.

கொட்டகையில் அவர் மட்டும் இருந்தார். சக்கரத்துக்குத் துணியால் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாசகங்கள் ஒன்றும் வரவில்லை. தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். "இங்க பாருங்க" என்று மட்டும் சொன்னேன். அந்த இரண்டு பூஜ்யத்தைச் சுற்றித் தாள் வெளுத்து, வெளிச்சம் உள்ளே வந்தது.

கிட்ட வந்து பார்த்தார். வேலை தெரிந்தவருக்கு விளக்கம் எதற்கு? சுரண்டிய இடத்தின்மேல் விரலை வைத்தார்.

"பன்னெண்டு இருந்துச்சா?"

"ஆமா."

"ஆயிரத்து இருநூத்திப் பன்னெண்டு?"

"ஆமா. நான்தான் போட்டேன். நான்தான் அழிச்சேன்."

"அப்ப நான் படிச்சது சரி."

"சரி."

"சரியாத்தான் படிச்சிருக்கேன்." இது என்னிடம் சொன்னதல்ல. மறுபடி ஒரு தடவை, மெதுவாக, "சரியாத்தான் படிச்சிருக்கேன்" என்றார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார். நாற்காலியில் இல்லை, தரையில்.

மன்னிச்சிடுங்க என்றேன். சின்ன வயசு என்றேன். பொண்ணுங்களை எடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. ஏதாவது திட்டுவார், கையிலிருந்த எண்ணெய்த் துணியை என் முகத்தில் எறிவார் என்று பார்த்தேன். எறிந்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். அதிலும் எனக்கு என் நிம்மதிதான் கணக்கு.

"நீங்க போங்க மேடம்" என்றார்.

குழாயை யாரும் தூக்கி வரவில்லை. நானே தூக்கிக்கொண்டு வந்து காப்பாளர் மேசையில் வைத்து, அவளிடமும் சொன்னேன். ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் அந்தப் பெண் விழித்தாள்.

பிப்ரவரி 24, சனி

அவர் மியூசியத்துக்கு வரவில்லையாம். நானும் போகவில்லை. மூன்று தடவை காபி போட்டேன், மூன்றும் ஆறிப்போனது.

மார்ச் 2, சனி

அவருடைய மனைவி வந்திருந்தார். விலாசத்தைக் காப்பாளரிடம் வாங்கினாராம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார்.

"கல்யாணம் ஆன புதுசுல அம்மா வீட்டுலேருந்து இவருக்கு லெட்டர் போடுவேன். நேர்ல வந்ததும், அதுல நான் என்ன எழுதியிருந்தேன்னு என்னையே சொல்லச் சொல்லிக் கேப்பாரு. ஏதோ ஆசையில கேக்கறாருன்னு நெனச்சு, வெக்கப்பட்டுக்கிட்டே சொல்லுவேன். ஆசையில்லைம்மா. தான் படிச்சது சரிதானான்னு பாத்திருக்காரு. நாப்பது வருஷம் கழிச்சு இப்பத்தான் எனக்கே தெரியுது."

நாற்காலியை அவர் பக்கம் இன்னும் நகர்த்தினேன். உட்காராமலே தொடர்ந்தார்.

"ஃபோர்மேன் ஆக்கறேன்னு ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. வேணாம்னாரு. என் கண்ணை நானே நம்ப மாட்டேன், பத்துப் பேர் வேலையை எப்படிப் பாக்கறதுன்னாரு. நான் அவரைக் கோழைன்னு திட்டியிருக்கேன். புள்ளைங்க முன்னாடி திட்டியிருக்கேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தத் திட்டுக்கெல்லாம் நான் யார்கிட்ட போய் மன்னிப்புக் கேக்கறது?"

"உங்க கால்ல வேணா..." என்று ஆரம்பித்தேன்.

"வேணாம். அவர் உங்களை மன்னிச்சாலும் மன்னிப்பாரு, அவர் மனசு அப்படி. நான் மாட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

இவர் வாசல் வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து, எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதற்காக இவர்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது. கோபமும் வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்பதை இந்த வயதில் கற்றுக்கொள்கிறேன்.

மார்ச் 16, சனி

காப்பாளர் கூப்பிட்டாள். டபுள் அவளுக்குப் போன் செய்தாராம். சக்கரத்தின் பலகையை மாற்ற வேண்டும், அதை நான்தான் என் கையால் எழுத வேண்டும், எழுத்து நன்றாக இருக்கும் என்றாராம். எழுத்து நன்றாக இருக்கும்! திட்டுவதற்கு எத்தனையோ வழி இருக்கிறது.

அவள் ஒரு வாசகம் தயாராக வைத்திருந்தாள். "வரைபடப் பிரிவுக்கும் பேட்டர்ன் பிரிவுக்கும் இடையே ஏற்பட்ட தகவல் பரிமாற்றக் குறைபாட்டால்..." என் மனம் புண்படக் கூடாதாம். எனக்கு அந்த வாசகம் மிகவும் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் இரண்டு நிமிடம் அதையே கையில் வைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு சௌகரியமான குறைபாடு! அதில் ஆளே இல்லை.

பிறகு அதை அடித்துவிட்டு எழுதினேன்: "வரைபடம் போட்டவர் சுருக்கத்தைத் தாமே சேர்த்து, தவறான அளவைக் கொடுத்தார். பேட்டர்ன் செய்தவர் அதைச் சரியாகப் படித்து, சரியாகச் செய்தார். பொருந்தாமல் போனதும், வரைந்தவர் அளவைத் திருத்தித் தவற்றை மறைத்தார்." கீழே என் பெயர். முழங்கையாக இருந்தவளுக்கு ஒருவழியாகப் பெயர் போட்டாகிவிட்டது.

மாணவர்களுக்குக் கதை சொல்ல ஆள் இல்லை என்றாள். அவர் இன்னும் வரவில்லை. இனிமேல் சனிக்கிழமை நான் சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 30, சனி

இன்று இருபது பேர். அவர் சொன்னபோது எல்லாரும் சிரிப்பார்கள். நான் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. ஒரு பெண் கை தூக்கி, "இத்தனை வருஷம் ஏன் சொல்லல?" என்று கேட்டாள். அந்த மூன்று பெண்களுக்காக நான் செய்த தியாகக் கதை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "சொல்லாம இருக்கறது சுலபமா இருந்துச்சு" என்றேன். குறித்துக்கொண்டாள். பரீட்சையில் கேட்பார்களோ என்னவோ.

ஏப்ரல் 13, சனி

இன்று பேசிக்கொண்டிருக்கும்போது மாணவர்களுக்குப் பின்னால் அவர் நிற்பதைப் பார்த்தேன். ஏழு வாரம் ஆகிறது. எனக்கு நா குழறி, நூற்றுக்கு ஒன்று என்பதை ஆயிரத்துக்கு ஒன்று என்றேன். "நூத்துக்கு" என்று பின்னாலிருந்தே திருத்தினார். மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சொல்லுங்க, சொல்லுங்க" என்று என்னைப் பார்த்துக் கையசைத்தார். முழுக் கதையையும் அவர் முன்னால் சொல்லி முடித்தேன். எங்கும் சிரிக்கவில்லை அவர். எங்கும் தலையைக் குனியவும் இல்லை.

எல்லாரும் போன பிறகு காப்பாளர் அவரை முற்றத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே குழந்தைகள் திருப்பி விளையாட ஒரு சின்ன மாதிரி மதகு வைத்திருக்கிறார்கள். அதன் கைச்சக்கரம் போன வாரம் உடைந்துவிட்டது. புதிதாக வார்க்க வேண்டும், பேட்டர்ன் செய்து தர முடியுமா என்று அவரைக் கேட்டிருந்தாளாம். அவர் உடைந்த துண்டுகளைத் தரையில் சேர்த்து வைத்துப் பார்த்தார். நான் எட்டியே நின்றேன். கிட்டப் போவதா, வீட்டுக்குப் போவதா? கால் எதற்கும் நகரவில்லை. முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டேன்.

நேரே என்னிடம் வந்தார்.

"ஒரு டிராயிங் வேணும் மேடம். நாளைக்குள்ள."

"போட்டுத் தர்றேன்" என்றேன்.

"அளவை மட்டும் போடுங்க. சுருக்கத்தை நான் பாத்துக்கறேன்."

காப்பாளர் பெண் குபீரென்று சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சிரித்தாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, மேசையைத் துடைத்து, உடைந்த துண்டுகளை அளந்து குறித்து வந்த சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தேன். விட்டம் இருநூறு மில்லிமீட்டர். இருநூறு என்றே போட்டேன்.